பீடி பிடித்துப் பழகிய நுரையீரலுக்கு வழியில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கலாம்?

கேள்வி

அவசர ஊர்தியில் இஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து எனக்கு எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் இரவு இரண்டு மணிக்கு, 68 வயதுப் பெரியவர் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்தது. நாங்கள் போனபோது அவர் திண்ணையில், இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 32, நாடி 118, விரலில் மாட்டிய கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 82 சதவீதம். நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர் என்று மகன் சொன்னார்.

ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் பையுடன் கூடிய ரிசர்வாயர் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வைத்தேன். சிறிது நேரத்தில் அளவு 99 ஆனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த இருபது நிமிடப் பயணத்தில் அவருடைய பேச்சு குறைந்து, கண் சொருகி, தட்டினால் மட்டும் விழிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பணியில் இருந்த மருத்துவர் ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆக்சிஜனை யார் கொடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். பெரியவர், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியில் இரண்டு நாட்கள் இருந்து தேறிவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. 82 என்று காட்டும் ஒருவருக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

மறுமொழி 1: இஎம்டி, பதினோராம் ஆண்டு

தம்பி, 82 இருந்தவருக்கு நீங்கள் ஆக்சிஜன் தொடங்கியதில் தவறில்லை. அளவு 92-ஐத் தாண்டிய பிறகும் குழாயைத் திருகிக் குறைக்காமல் விட்டதுதான் தவறு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, இருப்பவர்களுக்கு நாம் எட்ட வேண்டிய அளவு 88 முதல் 92 வரைதான். மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரோ, ஆக்சிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் கலந்து தரும் வென்சுரி மாஸ்க்கில் (28 சதவீதம்) 4 லிட்டரோ பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால் ஏற்றலாம், ஆனால் கண் விரல் கருவியிலும், கை ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோமீட்டரிலும் இருக்க வேண்டும்.

அந்த வீட்டில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இன்ஹேலர் இருக்கிறதா, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். பீடி மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதீர்கள். விறகு அடுப்பில் ஆயுள் முழுவதும் சமைத்த பாட்டிகளுக்கும் இதே நோய் வருகிறது; யாரும் அவர்களிடம் புகை பற்றிக் கேட்பதில்லை.

மறுமொழி 2: அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்

"ஆக்சிஜன் கூடினால் மூளை மூச்சு விட மறந்துவிடும்" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது பாதி உண்மைதான். கெட்டுப்போன பகுதிகளுக்கு ரத்தம் வீணாகப் போகாதபடி, அங்குள்ள ரத்தக் குழாய்களை நுரையீரல் தானே சுருக்கி வைத்திருக்கிறது. மிகையான ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுவதால், காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் திரும்பி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்குகிறது. ஆக்சிஜனால் நிறைந்த ஹீமோகுளோபின் தான் சுமந்த கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. உங்கள் பெரியவருக்கு வந்த தூக்கம் களைப்பினால் வந்ததன்று. விரல் கருவிக்கு கார்பன் டை ஆக்சைடு தெரியாது. அதனால்தான் அது 99 என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா மாநிலத்தில், சிஓபிடி முற்றியதாகக் கருதப்பட்டு அவசர ஊர்தியில் வந்த 405 பேரிடம் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. மாஸ்க்கில் 8 முதல் 10 லிட்டர் பெற்றவர்களில் 9 சதவீதமும், 88–92 என்ற வரம்புக்குள் அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதமும் இறந்தார்கள். சிஓபிடி உறுதியானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரியது: 9-க்கு 2. மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தைய சிறிது நேரம் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நானே அதைப் படித்த பிறகுதான் நம்பினேன்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: நோயாளி மயங்குகிறார் என்று பயந்து மாஸ்க்கைச் சட்டென்று கழற்றக் கூடாது. அளவு முன்பிருந்ததைவிடக் கீழே விழுந்துவிடும். படிப்படியாகக் குறையுங்கள். மூச்சே தளர்ந்தால், கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையால் உதவலாம்; ஆனால் மெதுவாக, ஒவ்வொரு முறையும் காற்று முழுவதும் வெளியேற நேரம் கொடுத்து அழுத்துங்கள்.

மறுமொழி 3: இஎம்டி, ஆறாம் ஆண்டு

இதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் 2 லிட்டர் வைக்கத் தொடங்கிவிடுவார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ள 22 வயதுப் பெண்ணுக்கு இலக்கு 94 முதல் 98 வரை. அவருக்கு மூச்சில் கேட்கும் விசில் சத்தம் நின்று நெஞ்சு அமைதியானால் அது நிம்மதி அடைய வேண்டிய நேரமன்று, காற்றே போகவில்லை என்று பொருள். பூச்சிமருந்து குடித்தவர், புகையில் சிக்கியவர், குளவி கொட்டி முகம் வீங்கியவர் ஆகியோருக்கும் ஆக்சிஜனில் கஞ்சத்தனம் கூடாது. கடைசியாகச் சொன்னவருக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின். சிஓபிடி இருப்பவரே ஆனாலும், நினைவிழந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் கிடந்தால் முதலில் முழு அளவு கொடுங்கள், நிலை திரும்பியதும் குறையுங்கள்.

கொரோனா காலத்துக்குப் பிறகு 94 என்ற எண் வீட்டுக்கு வீடு பதிந்துவிட்டது. 90-இல் நிறுத்தி வைத்தால் உறவினர்கள் நம்மிடம் சண்டைக்கு வருகிறார்கள். கிளம்புமுன் இரண்டு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

கேள்வி கேட்டவர்

அண்ணன்களுக்கும் டாக்டருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. எங்கள் வண்டியில், மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரை ஆக்சிஜன் சிலிண்டரில் இணைத்துத்தான் ஓட்ட முடியும். மருந்து ஆவியாக 6 லிட்டராவது தேவைப்படுகிறது. அப்படியானால் சிஓபிடி இருப்பவர்களுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமாலைக் கொடுக்கவே கூடாதா?

மருத்துவர்

கொடுக்க வேண்டும். காற்றில் ஓடும் கருவி இல்லாதபோது ஆக்சிஜனில் ஓட்டுங்கள். ஆனால் 6 நிமிடத்தோடு நிறுத்திவிட்டு மூக்குக் குழாய்க்கு மாறிவிடுங்கள். மருந்தின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும், ஆக்சிஜன் இல்லாமல் முதலில் பார்த்த அளவையும் சீட்டில் எழுதித் தாருங்கள். ரத்த வாயு முடிவைப் படிக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.