உலர்த்திய ரீஏஜென்ட் குழாயின் அடியில் நிற்கவில்லை: கோர் பின் வடிவமைப்பில் உதவி தேவை

0.2 மி.லி. பாலிபுரோப்பிலீன் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) குழாய், அச்சில் வார்ப்பது. அதன் உட்புறத்துக்கு வடிவம் தரும் உலோக ஊசிதான் கோர் பின். கிளிசரால் இல்லாத நொதியும் அதைக் காக்கும் சர்க்கரையான டிரெஹலோஸும் கலந்த 20 மைக்ரோலிட்டர் கலவையைக் குழாயிலேயே உறையவைத்து உலர்த்துகிறோம். உலரும்போது அது வில்லையாகச் சுருங்கிச் சுவரை விட்டுவிடுகிறது. லாரியில் போய்வந்தால் மூடிக்குள் ஏறி நிற்கிறது. திறந்தால் ஸ்டேட்டிக்கில் பறக்கிறது. பக்கத்துக் குழாயில் விழுந்தால் அந்த ரன் வீண்.

கலவையில் மேனிடால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) சேர்த்ததில் வில்லை கெட்டியானது, பிடிப்பு கூடவில்லை. அயனிக் காற்று அடித்ததில் பறப்பது மட்டும் குறைந்தது. குழாய்ச் சுவருக்குப் பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) கொடுத்தால் நன்றாக ஒட்டுகிறது, ஆனால் நொதியும் சுவரோடு போய் சி.டி. மதிப்பு (சிக்னல் தெரியும் சுழற்சி எண்) தாமதமாகிறது. கோர் பின் நுனியை ஈ.டி.எம்.மில் (மின்பொறியால் அரிக்கும் முறை) சொரசொரப்பாக்கிப் பார்த்தோம். வில்லை நின்றது, கரைக்கும்போது குழாயில் பதிந்த குழிகளில் குமிழி தங்கியது, குழாயும் கோரில் சிக்கியது. இது கடைசி வழி என்று நம்பியிருந்தோம்.

இப்போது திரவ மட்டத்துக்குச் சற்று மேலே, உள்விட்டம் சுமார் 3 மி.மீ. உள்ள இடத்தில், வில்லை மேலேறாமல் தடுக்க உட்சுவரில் 0.1 மி.மீ. துருத்தும் விளிம்பு வைக்க எண்ணம். கோருக்குள் ஸ்லைடருக்கு (பக்கவாட்டில் நகரும் அச்சுத் துண்டு) இடமில்லை. கேவிட்டி (வெளிப்புற அச்சு) விலகியபின் ஸ்ட்ரிப்பர் தட்டுதான் குழாயைக் கோரிலிருந்து தள்ள வேண்டும். பிப்பெட் முனை இடிக்காமலும் இருக்க வேண்டும்.

முழு வளையமா, 120 பாகைக்கு ஒன்றாக மூன்று துண்டு விளிம்பா, எது கிழியாமல் கோரை விட்டுக் கழலும்?