முதலில் நாவலா, தொடரா? ‘ஷோகன்’ தொட்டு எழுந்த வாக்குவாதம்

செந்தூல்காரன்:

பழைய ஜப்பானில் பிரபுக்களுக்குள் நடக்கும் அதிகாரப் போட்டியைச் சொல்லும், 2024-இல் வந்த ‘ஷோகன்’ தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது: “பத்து எபிசோடும் போர், போர் என்று பூச்சாண்டி காட்டிவிட்டு, கடைசியில் போரையே காட்டவில்லை.” நாவலைப் படித்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் வர வழியே இல்லை. இனிமேல் கதை முடிவைத் தொட்டுத்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

ஜேம்ஸ் கிளாவெல் 1975-இல் வெளியிட்ட நாவல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதிலும் போர்க்களம் கிடையாது. 1600-இல் நடந்த செகிகஹாரா போரை மனத்தில் வைத்து எழுதியவர், அதைக் கடைசியில் சில வரிகளில் முடித்துவிடுகிறார். கதையின் மையமான பிரபு தொரானாகா வாளை உருவாமலேயே எதிரியின் கூட்டணியை எப்படிக் கலைக்கிறார் என்பதுதான் அவருடைய கதை. அது தெரிந்தவர் முதல் எபிசோடிலிருந்தே யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பார். தெரியாதவர் பீரங்கிக்காகக் காத்திருப்பார்.

இன்னொன்று. கிளாவெல் ஒரே காட்சிக்குள் நாலு பேர் தலைக்குள் புகுந்து புறப்படுவார். நாவலில் யாபு என்று வரும் பிரபு (தொடரில் யாபுஷிகே) பணிந்து பேசிய வரிக்கு அடுத்த வரியிலேயே அவன் உள்ளே போடும் கணக்கு வந்துவிடும். தொடரில் அது நடிகரின் ஒரு முனகல், ஒரு பார்வை. எங்கே உற்றுப் பார்க்கவேண்டும் என்பதை நாவல்தான் பழக்கிக்கொடுக்கிறது. சூழ்ச்சிக் கதை எதுவானாலும் படித்துவிட்டுப் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

தஞ்சோங்_வாசகி:

அண்ணே, முழுசா மறுக்கிறேன். போரைக் காட்டாத காரணம் தொடருக்குள்ளேயே இருக்கு. பத்தாவது எபிசோட்ல தொரானாகா கடற்கரைப் பாறை மேல நின்னு யாபுஷிகேகிட்ட எல்லாத்தையும் சொல்றார். படைகள் எதிரெதிரா நிக்கிறதையும் அங்கேயே காட்டுறாங்க. அதைக் கவனிச்சவங்களுக்கு ஆயிரம் பக்கம் தேவையில்ல. கவனிக்காதவங்க நாவலைப் படிச்சிருந்தாலும் அதே குறையைத்தான் சொல்வாங்க.

படிச்சிட்டுப் பார்த்தா என்ன போகுதுன்னு நீங்க கணக்குப் போடல. ஒன்பதாவது எபிசோட்ல, தொரானாகா பக்கத்துப் பெண் மரிகோ, எதிரிங்க கையில இருக்கிற ஒசாகா கோட்டைய விட்டு வெளியேறப் பார்க்கிறா. விடுவாங்களா, தடுப்பாங்களா, சொன்னபடி உயிரை விட்டுடுவாளான்னு முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு மூச்சு அடைச்சுப்போகும். நாவல் படிச்சவங்க? கடைசியில வர்ற வெடிச்சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அந்தத் தவிப்பை ஒரே ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும். நாவலோட சொத்து மனசுக்குள்ள ஓடுற பேச்சு. தொடர் பார்த்த பிறகு படிச்சாலும் அது குறையாது. தொடரோட சொத்து அடுத்து என்னங்கிற தவிப்பு. படிச்சிட்டுப் பார்த்தா அது பாதியாவது போயிடும். ரெண்டுல எது அதிக நஷ்டம்னு நீங்களே பாருங்க.

பினாங்குல இருக்கிறவங்களுக்கு இது வேற வழியிலயும் தெரியும். 2015-ல பிரிட்டன் சேனல் 4-ல வந்த ‘இந்தியன் சம்மர்ஸ்’ 1932 சிம்லாவுல நடக்கிற கதை. படம்பிடிச்சது நம்ம தீவுல. சிம்லா மலைன்னு அவங்க காட்டுறப்ப நம்ம கண்ணு பினாங்குக் கொடிமலையைத் தேடும். இடம் தெரிஞ்சது ரசிக்க உதவல, கதையை விட்டு வெளிய இழுத்துச்சு. நாவலை மனசுல வச்சுக்கிட்டுப் பார்க்கிறவங்களுக்கும் அதேதான். “இந்த ஆள் எங்க, அந்த வசனம் எங்க”ன்னு சரிபார்த்துக்கிட்டே இருப்பாங்க.

படத்தொகுப்பு_மேசை:

இருவரும் எல்லாத் தழுவலும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். படிக்கலாமா என்று கேட்பதற்கு முன் அந்தத் தழுவல் எதை மாற்றியது என்று கேட்கவேண்டும். கதை யார் கண்வழியாக வருகிறது, சம்பவங்கள் எந்த வரிசையில் வருகின்றன, எந்த மொழியில் பேசுகிறார்கள் – பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கண்வழி: செந்தூல்காரர் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஷோகன்’ 1980-இலேயே அமெரிக்காவின் என்.பி.சி.யில் ஐந்து இரவுத் தொடராக வந்தது. அதில் ஜப்பானியப் பேச்சில் பெரும்பகுதிக்கு சப்டைட்டில் கிடையாது. கரையொதுங்கிய மாலுமி பிளாக்தார்னுக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் புரியவேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பிரபுக்களின் உள்மனம் முழுக்க வெட்டுப்பட்டது. அந்தத் தொடருக்கு நாவல் கட்டாயம் வேண்டும். 2024 தொடர் ஜப்பானியப் பேச்சுக்கு சப்டைட்டில் போட்டு, பிளாக்தார்ன் இல்லாத அறைகளுக்குள்ளும் நம்மைக் கூட்டிப்போகிறது. 1980-இல் போனதை 2024 திரும்பக் கொடுத்துவிட்டது. ஆகவே அவர் உதாரணம் அவருக்கே எதிராக நிற்கிறது.

வரிசை: ‘பச்சின்கோ’ (நாவல் 2017, ஆப்பிள் டிவி+ தொடர் 2022) ஒரு கொரியக் குடும்பம் ஜப்பானில் வாழும் கதை; 1910 முதல் 1989 வரை நேர்கோட்டில் போகும் மூன்று பாக நாவல். தொடர் அதை உடைத்து, நாயகி சுஞ்சாவின் இளமையையும் 1989-இல் பேரன் சாலமனையும் மாறி மாறி வைக்கிறது. நாவல் படித்தவர் இந்த வெட்டுகளில் எதற்கு எது பதில் என்று உடனே பிடித்துவிடுவார். படிக்காதவர் முதல் இரண்டு எபிசோடில் யார் யாருக்கு என்ன உறவு என்று தேடிக்கொண்டிருப்பார். ஆனால் முதல் பருவத்தின் ஏழாவது எபிசோட் நாவலிலேயே இல்லை. 1923-இல் ஜப்பானின் கான்டோ நிலநடுக்கத்தில் சுஞ்சாவின் காதலன் ஹன்சுவின் கதை, தொடருக்காகப் புதிதாக எழுதியது. நாவலைத் தராசாக வைத்துப் பார்ப்பவர் அதை “சேர்க்கை” என்று ஒதுக்குவார். என் கணக்கில் அந்தப் பருவத்தின் ஆகச்சிறந்த ஒரு மணி நேரம் அதுதான்.

மொழி: அதே தொடரில் கொரிய மொழிக்கு மஞ்சள் சப்டைட்டில், ஜப்பானிய மொழிக்கு நீலம். ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் வந்தால் பேசுபவர் இரண்டு மொழியைக் கலக்கிறார் என்று பொருள். “இதை அவன் ஜப்பானிய மொழியில் சொன்னான்” என்று ஆங்கில நாவல் விளக்கவேண்டியதைத் தொடர் ஒரு நிறத்தில் முடித்துவிடுகிறது. உங்கள் கருவியில் சப்டைட்டிலுக்குச் சொந்த நிறம் அமைத்திருந்தால் பார்க்கும் முன் அதை நீக்கிவிடுங்கள். இரண்டும் வெள்ளையாக வந்தால் பாதித் தொடர் போய்விடும்.

செந்தூல்காரன்:

1980 தொடரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 2024-இல் திரும்பக் கிடைத்தவை காட்சிகள்தான், எண்ணங்கள் இல்லை. நாவலில் மரிகோவும் பிளாக்தார்னும் தனிமையில் லத்தீனில் பேசுவார்கள். அப்போது கிளாவெல் ஆங்கிலத்தின் பழைய ஒருமைச் சொல்லைப் போடுவார். நம் “நீங்கள்” “நீ” ஆவது மாதிரி. நெருக்கம் எங்கே தொடங்குகிறது என்பது அந்த ஒரு சொல்லில் தெரியும். இது தமிழ் வாசகருக்குப் புரிவதுபோல வேறு யாருக்கும் அவ்வளவு சுலபமாகப் புரியாது.

தவிப்பு போய்விடும் என்ற வாசகிக்கு ஒரு வழி சொல்கிறேன். முழுவதும் படிக்கவேண்டாம், கால்வாசி போதும். போக வர ஒரு மணி நேரம் எல்.ஆர்.டி. ரயிலில் உட்காருபவர் நாளுக்கு 30 பக்கம் படிக்கலாம், ஐந்து வேலை நாளில் 150. ஆயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கு ஏழெட்டு வாரம் பிடிக்கும். கால்வாசிக்கு இரண்டு வாரம்கூட வேண்டாம். அதற்குள் பெயர், பதவி, பகை எல்லாம் மனத்தில் பதிந்துவிடும், முடிவும் தெரியாது. அங்கே நிறுத்தித் தொடரைத் தொடங்குங்கள். நூறு பக்கத்துக்கு ஓர் எபிசோட் என்று இணையாக ஓட்டுவது மட்டும் வேண்டாம். தழுவுபவர்கள் பக்கத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. மூன்றாவது எபிசோடிலேயே ஒன்று மற்றதை முந்திவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_புத்தகப்புழு:

நம்ம ஊர்க் கதையை யாரும் எடுக்கலையே! மலேசிய எழுத்தாளர் யாங்ட்ஸி சூவோட ‘தி கோஸ்ட் பிரைட்’ நாவல் 2013-ல வந்தது. 1893 மலாக்காவுல நடக்கிற கதை. செத்துப்போன பையனுக்கு உயிரோட இருக்கிற பொண்ணைக் கேட்டு வர்றாங்க. 2020-ல நெட்ஃபிலிக்ஸ் ஆறு எபிசோடா எடுத்தது. நாவல் ஆங்கிலத்துல, அந்தப் பொண்ணு லீ லான் தானே சொல்ற மாதிரி. தொடர் மாண்டரின். அந்தக் காலத்து மலாக்காவுல ஹொக்கியன், கான்டனீஸ், பாபா மலாய்னு வீட்டுக்கு வீடு வேற பேச்சு. யார் எந்த மொழிக்காரங்கங்கிறது கதையிலயே ஒரு விஷயம். தொடர்ல அது கரைஞ்சுபோச்சு.

இங்க நான் சொல்றது: நாவலைப் படிக்க நேரமில்லைன்னா கடைசியில ஆசிரியரே எழுதியிருக்கிற குறிப்புகளை மட்டும் படிங்க. பேய்த் திருமணம், மறு உலகம் பத்தின சீன நம்பிக்கை எல்லாம் அதுல இருக்கு, சில பக்கம்தான். சீன ஏழாம் மாசம் ஜார்ஜ்டவுன் தெருவோரத்துல காகித வீடும் மறு உலகப் பணமும் எரியறதை, புக்கிட் மெர்தாஜாம்ல பேயரசனுக்குக் காகிதத்துல பெரிய உருவம் எழுப்பறதைப் பார்த்தவங்களுக்கு அந்தக் குறிப்புகூட வேண்டாம். எரிச்சது அந்தப் பக்கம் போய்ச் சேரும்ங்கிற நம்பிக்கை மேலதான் முழுக் கதையும் நிக்குது.

தமிழ்ல பார்த்தா, கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதினது 1950 முதல் 1954 வரைக்கும் வாராவாரம். அஞ்சு பாகம், 57, 53, 46, 46, 91-னு மொத்தம் 293 அத்தியாயம். அடுத்த வாரம் வரைக்கும் வாசகரைப் பிடிச்சு வைக்கிற கொக்கி அத்தியாயக் கடைசியில இருக்கும். தொடருக்குன்னே செஞ்ச கட்டுமானம். ஆனா அது ரெண்டு சினிமாவா வந்தப்ப மணிமேகலையே இல்ல, சேந்தன் அமுதன் பிறப்பு ரகசியமும் போச்சு. படிச்சவங்களுக்குத்தான் அருள்மொழி மகுடத்தைக் கொடுக்கிற இடத்துல என்ன குறையுதுன்னு தெரியும். படிக்காம இருந்தா அந்த இழப்பே தெரியாதே, வாசகி?

தஞ்சோங்_வாசகி:

இழப்பு தெரியறது விமர்சனத்துக்கு உதவும். பார்க்கிற அந்த மூணு மணி நேரத்துக்கு உதவாதுங்கிறேன். படம் முடிஞ்ச மறுநாள் படிச்சாலும் அதே இழப்பு தெரியுமே!

அண்ணன் சொன்ன கால்வாசி யோசனை நல்லதுதான், ஒரு திருத்தத்தோட. மர்மக் கதைக்கு அதுவும் கூடாது. இந்திரா சௌந்தர்ராஜனோட ‘விட்டு விடு கருப்பா’தான் சன் டிவியில ‘விடாது கருப்பு’ ஆச்சு. அந்த மாதிரிக் கதையில முதல் கால்வாசியிலயே துப்பு விதைச்சிருப்பாங்க. அதை எழுத்துல நிதானமாப் படிச்சவங்க விடையை ஊகிச்சிட்டு வந்து உட்காருவாங்க. இன்னொன்னு, பாதி படிச்சு வச்சவங்கதான் பேர் மறந்துபோய் இணையத்துல தேடுவாங்க. பாத்திரத்தோட பேரை அடிச்சதுமே தேடுபெட்டி “மரணம்”னு சேர்த்துக் காட்டும். பேர் மறந்தா நாவலோட முன்பக்கத்தைப் புரட்டுங்க, இணையத்துல தேடாதீங்க.

படத்தொகுப்பு_மேசை:

நாவல் என்று சொல்லும்போது எந்த நூல், எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீன அறிவியல் புனைகதை ‘த்ரீ பாடி’யில் இது பெரிய சிக்கல். 2008 சீனப் புத்தகம் இக்காலத்தில் தொடங்கும், கலாச்சாரப் புரட்சி நடுவில் வரும். 2014 ஆங்கில மொழிபெயர்ப்பு ஆசிரியர் முதலில் விரும்பியபடி கலாச்சாரப் புரட்சியை முன்னால் வைத்தது. நெட்ஃபிலிக்ஸின் 2024 தொடர் (8 எபிசோட்) அந்த ஆங்கில வரிசையில் தொடங்குகிறது. டென்சென்ட்டின் 2023 தொடர் (30 எபிசோட்) இக்காலத்து விசாரணையில் தொடங்கி முதல் நூலோடு நிற்கிறது. முதல் நூலை மட்டும் படித்துவிட்டு நெட்ஃபிலிக்ஸ் பார்த்தால் சால், வில் என்ற இரண்டு பாத்திரங்களும் எங்கிருந்து வந்தார்கள் என்று குழம்புவீர்கள். சாலின் கதை இரண்டாம் நூலிலிருந்து வருகிறது, வில்லின் கதை மூன்றாம் நூலிலிருந்து. அந்தத் தொடருக்குப் படித்துவிட்டுத்தான் போவேன் என்றால் மூன்று நூலும் வேண்டும். அது நியாயமான வேலை இல்லை. பார்த்துவிட்டுப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_புத்தகப்புழு:

அப்ப ‘எ சூட்டபிள் பாய்’? விக்ரம் சேத் 1993-ல எழுதினது, 1,300 பக்கத்துக்கு மேல. பி.பி.சி. 2020-ல ஆறே எபிசோட்ல முடிச்சிருக்கு. இதுக்கும் கால்வாசியா?

செந்தூல்காரன்:

இதற்குக் கால்வாசி கேட்கமாட்டேன். சூழ்ச்சிக் கதை இல்லை, குடும்பக் கதை. இங்கே வாசகி சொன்ன முன்பக்கமே போதும். மெஹ்ரா, கபூர், கான், சட்டர்ஜி என்று நான்கு குடும்ப மரமும் அங்கே இருக்கும். அதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பொருளடக்கத்தை மட்டும் தாண்டிவிடுங்கள், 19 பகுதிக்கும் ஈரடிப் பாட்டாக உள்ளே நடப்பதைக் கோடிகாட்டியிருப்பார்.

தஞ்சோங்_வாசகி:

இதுல நானும் அண்ணன் பக்கம். மெஹ்ரா, கபூர் ரெண்டு கிளையையும் முதல்ல எழுதிக்குங்க. கதை ஆரம்பிக்கிறதே சவிதாவுக்கும் பிரானுக்கும் நடக்கிற கல்யாணத்துலதான். அந்தக் கூட்டத்துல லதா யாரு, மான் யாரு, யார் யாருக்குச் சம்பந்தின்னு பிடிபட்டுட்டா அப்புறம் தாளே வேண்டாம்.