மறு: சேனல் பாண்டிங் – பிணைப்பா, கூட்டலா?

வணக்கம்.

கேபிள் இணையத்தில் பல சேனல்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகத்தை ஏற்றும் ‘சேனல் பாண்டிங்’ முறைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். (ஒளியிழையும் இழை, நம் மடல்கள் கோத்த இதுவும் இழை. அந்தப் பஞ்சாயத்து தனி.) நேற்றைய மடலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

> ‘அலைவரிசைப் பிணைப்பு’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும். வேறென்ன வேண்டும்?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். தமிழில் அலைவரிசை என்றால் சன், ஜெயா, டிடி தமிழ். கேபிளில் சேனல் என்பது அதுவல்ல, கம்பிக்குள் ஒதுக்கிய ஓர் இடம். அமெரிக்காவில் 6 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 8. அனலாக் காலத்தில் ஓர் இடத்தில் ஒரே நிலையம்தான் உட்கார்ந்திருந்தது, அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமானதாக இருந்தது. டிஜிட்டல் வந்தபின் அதே இடத்தில் சாதாரணத் தரத்தில் பத்து நிலையங்கள் வரை அடைக்கலாம். இணையத்துக்கு ஒதுக்கிய இடத்தில் நிலையமே கிடையாது. ‘அலைவரிசைப் பிணைப்பு’ என்று எழுதினால் சன்னும் ஜெயாவும் ஒன்றாகிவிட்டதாக ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே சேனலுக்குத் ‘தடம்’. இதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன்.

சண்டை ‘பாண்டிங்’ என்ற இரண்டாம் பாதியில்தான். அதற்கு இந்தத் தொழில்நுட்பத்தை ஊர் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். 2007 மே மாதம், லாஸ் வேகாஸில் அமெரிக்கக் கேபிள் துறையின் ஆண்டுக் கண்காட்சி. காம்காஸ்ட் என்ற அமெரிக்கக் கேபிள் நிறுவனத்தின் தலைவர் பிரையன் ராபர்ட்ஸ் மேடையில் நின்று, 32 தொகுதி பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் கூடவே ஓர் அகராதியையும் நான்கு நிமிடத்துக்குள் இறக்கிக் காட்டினார். அன்றைய சாதாரணக் கேபிள் மோடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், டயல்-அப்பில் இரண்டு வாரம் என்று கணக்கும் சொன்னார்கள். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபிட். மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு தடத்தில் சுமார் 38 மெகாபிட் போகும், நாலு தடம் போட்டார்கள், நாலு முப்பத்தெட்டு நூற்றைம்பத்திரண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, கேபிள் துறையின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் கேபிள் இணையத்துக்காக வெளியிட்ட டாக்சிஸ் 3.0 வரையறையின் முக்கியச் சங்கதியே இதுதான். 2011-இல் சிகாகோ கண்காட்சியில் அவரே இன்னும் நிறையத் தடங்களைப் போட்டு நொடிக்கு 1 கிகாபிட்டைத் தொட்டு, ஒரு நகைச்சுவைத் தொடரின் 23 அத்தியாயங்களை 1 நிமிடம் 39 நொடியில் இறக்கினார். (அந்தக் கண்காட்சியே 2016-ஓடு நின்றுபோனது வேறு கதை.)

சரி, அந்த நாலு தடத்தையும் என்ன செய்கிறார்கள்? ஒட்டுவதில்லை, முறுக்குவதில்லை, உருக்கி ஒன்றாக்குவதும் இல்லை. ஒவ்வொரு தடமும் தன் இடத்தில் தானாகவே இருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கேபிள் தலைமுனையில், அதாவது நிறுவனத்தின் பக்கத்தில், உள்ள கருவி தரவுப் பொட்டலங்களுக்கு வரிசை எண் போட்டு, எந்தத் தடத்தில் இடம் இருக்கிறதோ அதில் ஏற்றுகிறது. வீட்டு மோடம் நாலையும் ஒரே நேரத்தில் கேட்டு, எண் பார்த்து அடுக்குகிறது. நெல் மூட்டைகளுக்கு நம்பர் எழுதி நாலு வண்டியில் அனுப்பி, களத்தில் வரிசையாக இறக்குகிற மாதிரி. ஒரு வண்டி சேற்றில் மாட்டினால் மற்ற மூன்றும் போய்க்கொண்டே இருக்கும். இதைப் பிணைப்பு என்று எப்படிச் சொல்வது? பிணைத்த மாடு ஒன்று விழுந்தால் மற்றதும் அல்லவா நிற்கும்!

> ‘தடப்பூட்டு’. நான்கு குதிரை பூட்டிய தேர் மாதிரி.

படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. அப்புறம் யோசித்தால் இரண்டு சிக்கல். மோடம் ஒரு தடத்தைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்வதைத் தொழில்காரர்கள் ‘லாக் ஆயிடுச்சு’ என்பார்கள், பூட்டு அங்கே தேவைப்படும். தவிர, பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல்தான் ஞாபகம் வரும், தேர் வராது.

என் முன்மொழிவு ‘தடக்கூட்டல்’. வேகங்கள் கூடுகின்றன, தடங்கள் தனித்தனியே இருக்கின்றன. கூட்டல் என்றால் வாசல் கூட்டுவது ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்கப்போகிறார். கூட்டுவதும் பெருக்குவதும் கணக்கிலும் இருக்கிறது, வாசலிலும் இருக்கிறது, இதுவரை எந்த வாத்தியாரும் குழம்பவில்லை. சேர்ந்து வேலை செய்பவை ‘கூட்டுத்தடங்கள்’. அவை சேர்ந்த குழுவான பாண்டிங் குரூப்புக்கு ‘தடத்தொகுதி’ போதும், கூட்டுக்குழு என்றால் நாடாளுமன்றத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று. வைஃபையிலும் சேனல் பாண்டிங் உண்டு. அங்கே அடுத்தடுத்த இரண்டு 20 மெகாஹெர்ட்ஸ் தடங்களைச் சேர்த்து 40 அகலத்தில் ஒரே தடமாக்குகிறார்கள், 2009-இன் 802.11என் தரத்திலிருந்து. அது நிஜமான பிணைப்பு, அதற்குத் ‘தடப்பிணைப்பு’ இருக்கட்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டா என்று கோபிக்க வேண்டாம். அவர்கள் இரண்டு வேலைக்கு ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைச் சேர்த்து வாங்க வேண்டுமா? டாக்சிஸ் 3.1-இல் 192 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான ஒரே தடம் வருகிறது. அது இரண்டுமே இல்லை. ‘அகல்தடம்’ என்று நினைத்தேன், அகலப்பட்டையோடு (பிராட்பேண்ட்) மோதுமோ என்று தயக்கம். யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

சொற்பட்டியலில் ஏற்றுகிறவர் பன்மையை மட்டும் கவனமாகத் தட்டச்சவும். போன மடலில் ‘நான்கு தடங்கல்’ என்று இருந்தது. தூர்தர்ஷன் காலத்து ஆள் நான், உடனே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை கண்ணில் வந்துவிட்டது.

அன்புடன்.