சதையியில் நீர்க்கட்டி: அம்மாவின் எட்டுக் கிழமை

அம்மாவுக்கு ஓப்பரேஷன் முடிந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். அப்போது திருகோணமலையில் யாரிடம் விசாரித்தாலும் "சதையியிலும் கட்டி வருமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கணையம் என்று சொன்னாலும் அதே கேள்விதான். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

வருடப்பிறப்புக்கு 3 நாள் இருந்தது. பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மேல் வயிற்றில் தொடங்கிய நோ முதுகுவரை போனது. நிமிர்ந்து படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்து இருந்தால் கொஞ்சம் தாங்கலாம். பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். காஸ்ரிக் என்று ஊசி போட்டு அனுப்பினார். இரவு முழுக்கச் சத்தி. விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் அமைலேஸ், அதாவது சதையி சுரக்கிற ஒரு நொதியம், பல மடங்கு ஏறியிருந்தது. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் கல் வழுக்கி வந்து, பித்தமும் சதையி நீரும் குடலுக்குள் இறங்குகிற வாசலை அடைத்திருக்கிறது. அதில்தான் சதையி அழன்று வீங்கியது. 9 நாள் சேலைனோடு கிடந்து, நோ விட்டு, வீடு வந்தார். முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாம் கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ரெண்டு வாய் பிட்டுக்கே வயிறு நிறைஞ்சு போச்சடா" என்பார். பட்டினி கிடந்த வயிறு சுருங்கிவிட்டது என்று பெரியம்மா சொன்னார், நாங்களும் நம்பினோம். ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போக, பாவாடை நாடாவை மட்டும் தளர்த்தித் தளர்த்திக் கட்டினார். அதை அக்காதான் கவனித்தாள். ஸ்கானில் இரைப்பைக்குப் பின்னால் 12 சென்ரிமீற்றரில் ஒரு கட்டி.

அன்றே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனோம். சத்திரசிகிச்சை நிபுணர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். சதையியிலிருந்து கசிந்த நீர் தேங்க, சுற்றியிருக்கிற உறுப்புகள் சேர்ந்து அதற்கு ஒரு சுவர் கட்டுகின்றன. கட்டிக்கென்று சொந்தத் தோல் கிடையாது, அதனால் பொய்க்கட்டி என்பார்களாம். "இப்ப இந்தச் சுவர் பால் ஆடை மாதிரி அம்மா. தையல் போட்டால் கிழியும். இன்னும் சில கிழமை போகட்டும், தடிக்கும். சிலருக்கு அதுக்குள்ளே தானாக வற்றியும் போகும்" என்றார். காத்திருப்பதும் வைத்தியம்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. குளிரோடு காய்ச்சல் வந்தால் கட்டியில் கிருமி பிடித்திருக்கலாம். மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ உள்ளே இரத்தம் கசியலாம். வயிறு திடீரென்று பலகைபோல இறுகினால் கட்டி உடைந்திருக்கலாம். கண் மஞ்சளானால் பித்தக்குழாயை அழுத்துகிறது. இதில் எது வந்தாலும் கிளினிக் நாள் பார்க்காமல் வரச் சொன்னார். அக்கா அதைக் கலண்டர் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

எங்களுக்கு வந்தது வேறு. ஏழாம் கிழமை தண்ணீரும் தங்கவில்லை. கட்டி இரைப்பையின் வாசலை நெரித்துவிட்டது. கண்டிக்கு அனுப்பினார்கள். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று அந்தப் பாதை முழுக்க அம்மா ஒரு ஷொப்பிங் பையை வாயோடு வைத்திருந்தார். எண்டோஸ்கொப்பி வழியாக இரைப்பைக்குள்ளிருந்தே துளை போட்டு வடிக்கிற முறையும் உண்டு. ஆனால் உள்ளே நீர் மட்டுமல்ல, செத்த திசுவும் கட்டியாகக் கிடந்தது. பித்தப்பையையும் எடுக்க வேண்டும். அதனால் ஒரே தடவையில் ஓப்பரேஷன் என்றார்கள்.

செய்தது இதுதான்: இரைப்பையின் முன்சுவரைத் திறந்து, கட்டியோடு ஒட்டியிருந்த பின்சுவரில் ஊசி விட்டுப் பார்த்து, அந்த இடத்திலேயே வெட்டி, கட்டியின் சுவரையும் இரைப்பையின் சுவரையும் வாய்க்கு வாய் வைத்துத் தைத்தார்கள். இனி நீர் இரைப்பைக்குள்ளேயே வடியும். வெளியே எடுத்தது சாயம் கூடின பிளேன்ரீ நிறத்தில் இருந்ததாம். சுவரில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கும் அனுப்பினார்கள், பொய்க்கட்டிதானா, வேறு ஏதுமா என்று உறுதிப்படுத்த. அந்த முடிவு வரும்வரை எங்களுக்கு நித்திரையில்லை. நல்ல முடிவு வந்தது. 3 மாதத்துக்குப் பின் எடுத்த ஸ்கானில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

•

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன், இது எனக்கே நடந்தது. அந்தச் சோதனை ஏன் முக்கியம் என்று என் கதை சொல்லும். எனக்கு வயது 46. சதையி அழற்சி ஒருநாளும் வந்ததில்லை, மதுவும் இல்லை, கல்லும் இல்லை. சிறுநீரகக் கல்லா என்று பார்க்க எடுத்த ஸ்கானில், சதையியின் வால் பக்கம் 5 சென்ரிமீற்றர் கட்டி. அழற்சி வராத ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தில் கட்டி இருந்தால் பொய்க்கட்டி என்று விட்டுவிட முடியாதாம். சளி சுரக்கிற வகை, நாள் போகப் புற்றாக மாறக்கூடியது. வால் பகுதியையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தார்கள். மண்ணீரல் போனால் சில கிருமிகளை உடம்பு தடுக்காது என்று 2 கிழமைக்கு முன்பே தடுப்பூசிகள் போட்டார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். வெட்டிய முனையிலிருந்து சதையி நீர் கசிந்தது. வயிற்றில் போட்ட ரியூப்பை 5 கிழமை கழற்ற முடியவில்லை. அந்த நீர் தோலில் பட்டால் எரித்துப் புண்ணாக்கிவிடும். தோலைத் துடைத்து, உலரவிட்டு, துத்தநாகக் களிம்பு பூசி, பையில் எத்தனை மில்லிலீற்றர் என்று தினமும் எழுதி வைத்தேன். 200, 180, 120... 10க்கு வந்த அன்று அழுதேன். இப்போது காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடோலோடு இருப்பதில்லை, உடனே ஆஸ்பத்திரி. சீனியும் எட்டிப் பார்க்கிறது, 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

•

கிண்ணியா. வாப்பாவுக்கும் கல்லால் வந்த கட்டிதான். காத்திருந்த ஐந்தாம் கிழமை சுபஹுக்கு வுளூ எடுக்கப் போனவர் விழுந்துவிட்டார். மலம் தார் மாதிரிப் போனதை இரண்டு நாளாக எங்களிடம் சொல்லவில்லை, இரும்புக் குளிசையால் என்று நினைத்தாராம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தோம். சதையி நீர் பக்கத்திலிருந்த நாடியின் சுவரை அரித்து, அது பலூன்போல வீங்கிக் கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. கொழும்பில், தொடையிடுக்கால் கம்பி விட்டு அந்த நாடியைச் சுருள் வைத்து அடைத்தார்கள். வயிற்றைத் திறக்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு இருக்கிறார். அந்தக் கலண்டர் தாள் எங்கள் வீட்டிலும் இருந்திருந்தால் இரண்டு நாள் முந்தியிருப்போம்.

•

என் தங்கச்சியின் கணவருக்கு இப்போது நான்காம் கிழமை, கட்டி 9 சென்ரிமீற்றர். வெளியே ரியூப் போட்டு நீரை எடுத்துவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள்.

•

அம்மாவுக்காக இதே கேள்வியை நானும் மருத்துவர்களிடம் கேட்டேன். கிருமி பிடித்து ஆள் ஓப்பரேஷன் தாங்க மாட்டார் என்றால் அப்படியும் செய்வார்களாம். ஆனால் சதையிக் குழாயோடு தொடர்பு இருந்தால் ஊற ஊற வந்துகொண்டேயிருக்கும், ரியூப் போன வழியே நிரந்தரக் கசிவாகிவிடும். உப்புவெளி அக்கா பட்ட பாடு அது. உங்கள் மச்சானுக்கு மது பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிறையச் சாப்பாட்டை ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சனிக்கிழமைகளில் நிறை பாருங்கள். சி.ரி. ஸ்கான் சிடியைக் கேட்டு வாங்கி வையுங்கள், எங்களிடம் தாள் மட்டும் இருந்ததால் கண்டியில் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. கண்டிக்கு அனுப்பினால் இங்கே எழுதுங்கள், துணைக்கு நிற்பவர் இரவு தங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மலிவாக ஓர் இடம் தெரியும்.