கிறீஸ் பூசிய பிறகு பாதியில் நின்று திரும்பி மேலே போகும் ரோலர் கேட். மோட்டர் மாற்ற வேண்டுமா?

கல்லடிக்காரன்
வணக்கம். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே. கார் விடும் இடத்துக்கு ஆறு வருடத்துக்கு முன் மோட்டர் வைத்த ரோலர் கேட் போட்டோம். இந்த முறை கச்சான் காற்று, அதுதான் மேற்கே இருந்து வரும் வறண்ட காற்று, தொடங்கியதில் இருந்து கறகறவென்று ஒரே சத்தம். போன மாதம் ஏணி வைத்து ஏறி, கதவு ஓடுகிற இரண்டு பக்கச் சனலுக்குள்ளும் கிறீஸை அப்பினேன். தாராளமாகத்தான் அப்பினேன். ஒரு கிழமை சத்தமே இல்லை, வீட்டில் எனக்குப் பெரிய பேர்.

இப்போது முன்னையதை விட மோசம். றிமோட்டை அழுத்தினால் முழங்கால் உயரம் வரை இறங்கி, நின்று, தானாகவே மேலே போய்விடுகிறது. நாலு தரம் அழுத்தினால் ஒரு தரம் பூட்டும். பொருத்தித் தந்தவர்களைக் கேட்டால் "நாளைக்கு வாறோம்" என்கிறார்கள். அந்த நாளை மூன்று கிழமையாக வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டர் போய்விட்டது என்கிறார். இன்னொருவர், மோட்டரில் ஒரு திருகு இருக்கிறது, அதைக் கூட்டிவிட்டால் பலமாக இழுத்துப் பூட்டும் என்கிறார். கூட்டலாமா?

வாவிக்கரை
தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். எங்கள் அப்பா கதவுப் பிணைச்சலுக்கு அதுதான் விடுவார், ஒரு சத்தமும் வராது.

சட்டர் காக்கா, காத்தான்குடி
தம்பி, முதலில் அந்தத் திருகைத் தொடாதீர்கள். கதவு திரும்பி மேலே போவது பழுது இல்லை. கீழே ஏதோ தடுக்கிறது என்று மோட்டர் நினைக்கிறது, அதனால் விட்டுவிடுகிறது. கதவுக்குக் கீழே ஒரு பிள்ளை நின்றாலும் அது அப்படித்தான் செய்ய வேண்டும். பலத்தைக் கூட்டினால் உங்கள் கதவு பூட்டும், சரி. நாளைக்குப் பிள்ளையின் கால் மேலேயும் அதே பலத்தோடு பூட்டும்.

தடுப்பது நீங்கள் பூசிய கிறீஸ்தான். கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது, கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவருகிறது. வெறும் சனலாக இருந்தால் பாதி கீழே கொட்டிவிடும். கிறீஸ் இருந்தால் ஒரு மணல் கூடப் போகாது, எல்லாம் ஒட்டி அம்மியில் அரைத்த மாதிரி ஆகிவிடும். சனலுக்குள் நைலோன் பட்டி இருக்கும், கதவு அதில்தான் வழுக்கி ஓட வேண்டும். அந்தப் பசை பட்டியையும் தின்னும், தகட்டின் பூச்சையும் தின்னும். தேங்காய் எண்ணெயும் இதே கதைதான், கூடவே எறும்பும் வரும். பிணைச்சலுக்கு விடுங்கள், ரோலர் கேட்டுக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். கதவை முழுதாக மேலே ஏற்றிவிட்டு மோட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு தடியில் பழைய சேட் துணியைச் சுற்றி, சனலுக்குள் இருப்பதை வழித்து எடுங்கள். துணி கறுப்பாவது நிற்கும்வரை மாற்றி மாற்றி வழிக்க வேண்டும், பொறுமையான வேலை. பிறகு பாத்திரம் கழுவுகிற திரவத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம், பட்டியும் பெயின்றும் கெட்டுவிடும். காய்ந்த பிறகு சிலிக்கன் ஸ்பிறேயை மெல்லிசாக அடித்தால் போதும். அது காய்ந்து வழுவழுப்பாக நிற்கும், புழுதியைப் பிடிக்காது.

மேலே உருளைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம். ஸ்பிறிங் உள்ளேதான் இருக்கிறது.

செங்கலடி சிவா
டபிள்யூடி-40 அடித்தால் என்ன காக்கா? வீட்டில் ஒரு முழு டின் கிடக்கிறது.

சட்டர் காக்கா, காத்தான்குடி
அது ஈரத்தை விரட்டச் செய்த சாமான், பெயரின் அர்த்தமே அதுதான். இறுகின பூட்டைக் கழற்றவும் பழைய கிறீஸைக் கரைக்கவும் நல்லது. ஆனால் கொஞ்ச நாளில் போய்விடும், வழுவழுப்பாக நின்று வேலை செய்யாது. அதே பெயரில் சிலிக்கன் ஸ்பிறேயும் விற்கிறார்கள், டின்னை வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

வயல்காரி, சம்மாந்துறை
எங்களுக்கு உப்பு இல்லை, உமிதான். அறுவடை நாளில் நெல் மூட்டை இறக்கி ஏற்றிச் சனல் முழுக்கத் தூசி. நான் தும்புத்தடியால் தட்டி, பெயின்ற் பிரஷால் கூட்டிவிடுவேன், அவ்வளவுதான். போன வருடம் சத்தம் வந்தபோது மேலே பார்த்தால் சுருளுக்குள் குருவிக் கூடு. சனலைப் பார்க்கிறவர்கள் மேலேயும் ஒரு தரம் பாருங்கள்.

கல்லடிக்காரன்
காக்கா, சனிக்கிழமை முழுக்க இந்த வேலைதான். சனலில் இருந்து வந்தது கிறீஸ் இல்லை, கறுத்த எள்ளுப்பாகு. விரலில் தேய்த்தால் மணல் நறநறக்கிறது. ஐந்து துணி போனது. கழுவிக் காயவிட்டுச் சிலிக்கன் அடித்தேன். சத்தம் போய்விட்டது. திரும்பிப் போவதும் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. பத்துத் தரத்தில் இரண்டு தரம் இன்னும் போகிறது. ஏறும்போது மோட்டர் முனகுகிறது.

சட்டர் காக்கா, காத்தான்குடி
அப்படியென்றால் இன்னொன்றும் இருக்கிறது. கதவு கீழே முழுதாகப் பூட்டி இருக்கும்போது, மோட்டரில் தொங்குகிற கயிற்றை இழுத்து விடுவியுங்கள். மேலே இருக்கும்போது ஒருநாளும் இழுக்காதீர்கள், ஸ்பிறிங் உடைந்திருந்தால் முழுக் கதவும் தலையில் வரும். பிறகு கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். கால் கீழே இருக்கக் கூடாது. ஸ்பிறிங் சரியாக இருந்தால் கதவு அந்த இடத்திலேயே நிற்கும்.

கல்லடிக்காரன்
நிற்கவில்லை. கையைத் தளர்த்தியதும் கீழே போகிறது. தூக்கவும் நல்ல பாரம்.

சட்டர் காக்கா, காத்தான்குடி
ஸ்பிறிங் தளர்ந்துவிட்டது. கதவின் பாரத்தைத் தூக்குவது ஸ்பிறிங், மோட்டர் சும்மா ஒரு தள்ளுத் தள்ளுவதற்குத்தான். இப்போது முழுப் பாரத்தையும் மோட்டர் சுமக்கிறது, அதனால்தான் முனகுகிறது. புது மோட்டர் போட்டாலும் அதுவும் முனகும்.

இது மட்டும் உங்கள் வேலை இல்லை தம்பி. இரண்டு பக்கமும் யூ போல்ட் போட்டு அச்சை இறுக்கி இருக்கும். அச்சைப் பைப் றென்சால் பிடிக்காமல் அதைத் தளர்த்தினால் அச்சு ஒரேயடியாகச் சுழலும். கை முறிந்தவர்களை எனக்குத் தெரியும். தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மோட்டர் பழுது என்று சொல்லாதீர்கள், ஸ்பிறிங் முறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பில் வேறு மாதிரி வரும்.

கல்லடிக்காரன்
ஆரையம்பதியில் இருந்து வேலை தெரிந்த ஒரு பாஸ் நேற்று வந்தார். நாற்பது நிமிட வேலை. இடுப்பு உயரத்தில் விட்டுப் பார்த்தோம், அசையாமல் நிற்கிறது. இப்போது ஒரு விரலால் தூக்கலாம், கரண்ட் போனால் அம்மாவே திறப்பா. யூ போல்ட் இரண்டும் துருப்பிடித்திருந்ததால் அவற்றையும் மாற்றினார். மோட்டர் பழையதே.

கடைசியாக ஒரு கேள்வி காக்கா, கதவை எத்தனை நாளுக்கு ஒரு தரம் கழுவ வேண்டும்?

சட்டர் காக்கா, காத்தான்குடி
கல்லடியில் மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீர் விட்டு ஒரு துடை. கீழ்ச் சட்டத்தையும் அந்த றப்பரையும் மறக்க வேண்டாம், மாரியில் தண்ணீர் தேங்கித் துரு அங்கேதான் தொடங்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் மட்டும் கழுவாதீர்கள்.

வாவிக்கரை
மிச்சக் கிறீஸை என்ன செய்தீர்கள்?

கல்லடிக்காரன்
மகனின் சைக்கிளுக்கு. பெடலுக்கு மட்டும்.