புதுப்பிப்பு: விசிட் விசாவில் வீட்டுவேலைக்குப் போகலாமா?

வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேணும் என்று முன்பு எழுதியதற்குத் தொடர்ச்சி இது. ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி: "விசிட் விசாவில போ, அங்க வேலை விசாவா மாத்தித் தாறம் எண்டு ஏஜென்ட் சொல்றார். போகலாமா?"

போகவே வேண்டாம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் பணியகக் காப்புறுதி கிடையாது. சம்பளம் நின்றால் காட்டுவதற்கு ஒப்பந்தமும் இராது. விசா முடிந்தபின் குற்றம் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். அந்தப் பயத்தை வைத்தே சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். இலக்கம் தரத் தயங்குபவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

குவைத் போகிறவர்கள் அந்த நாட்டின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள்: நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கிழமைக்கு ஒருநாள் ஓய்வு, சம்மதமில்லாமல் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கவும் கூடாது.

முறைப்பாடு பெரும்பாலும் ஆதாரமில்லாமல்தான் தோற்கிறது. ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு மூன்றையும் படமெடுத்து வீட்டில் ஒருவரின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். போனைப் பறித்துவிடுவார்கள், ஆகவே தூதரக இலக்கத்தைச் சிறு தாளில் எழுதி உடுப்புப் பையின் உள்துணிக்குள் தைத்துவிடுங்கள். சம்பளம் கிடைத்த திகதியையும் தொகையையும் மாதாமாதம் குறியுங்கள்.

வங்கிக் கணக்கைப் போகமுன்னரே உங்கள் பெயரில் மட்டும் திறவுங்கள். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து அனுப்பலாம்.