பாட்டிலிலிருந்து குழாய்க்கு: ஆள் சேர்க்கப் போய்ப் பட்ட அனுபவங்கள்

பாட்டில் தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு எல்லாரையும் மாற்ற, எங்கள் குடியிருப்பில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். முதல் வேலையாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ருசிப் பந்தயம். மூன்று ஜாடி, மூன்றையும் செய்தித்தாளால் சுற்றி எண் ஒட்டியாகிவிட்டது. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்ற இரண்டில் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர். குடித்த அத்தனை பேரும் இரண்டாம் எண்ணையே காட்டினார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது: அந்த ஒரு பாட்டிலை மட்டும் யாரோ ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து வந்து ஊற்றியிருக்கிறார்கள். சில்லென்று இருந்தால் எந்தத் தண்ணீரும் ருசிதான்!

அடுத்த வாரம் மறுபடி. குழாய்த் தண்ணீரை முந்தின இரவே அகல வாய்ப் பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணி போட்டு வைத்தோம். குளோரின் வாடை பெரும்பாலும் போய்விடும். (உங்கள் பக்கம் கிருமி கொல்ல குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள் என்றால் இந்த வித்தை பலிக்காது. அது லேசில் பறக்காது. தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இந்த முறை மூன்றும் ஒரே சூட்டில். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பணி ஓய்வு பெற்ற சார் ஒருவர் குழாய்த் தண்ணீர் ஜாடியைத் தட்டி, "இது பாட்டில் தண்ணிதான், என் நாக்கு பொய் சொல்லாது" என்றார். காகிதத்தைப் பிரித்ததும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை அதே சார் ஒரு பாட்டில் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். "என்ன சார் இது?" என்றேன்.

"ருசி எல்லாம் சரிப்பா. மேல இருக்கிற தொட்டிய என்னிக்காவது எட்டிப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. அன்றே ஏறிப் பார்த்தோம். மூடி ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. டார்ச் அடித்தால் அடியில் விரல் கனத்துக்கு வண்டல், ஓரமாக ஒரு புறா இறகு மிதந்தது. வாசல் வரை ஒழுங்காக வந்த தண்ணீரை மொட்டை மாடியில் நாங்களே கெடுத்து வைத்திருக்கிறோம். இதை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் வேறு.

தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மூடிக்குப் பூட்டுப் போட்டு, கழுவிய தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதினோம். அப்புறம் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். கோலிஃபார்ம் கிருமி இல்லை. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தது. குடிக்கும் இடத்தில் குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அறிக்கையை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். ஒருவர் கையில் டிடிஎஸ் மீட்டரோடு வந்து, "இதுல நம்பர் நல்லா வருதே, இது போதாதா?" என்றார். அது கரைந்திருக்கும் உப்புகளைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்று புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நான் கல்லூரி மாணவர் குழுவில் இருந்தவள். நாங்கள் நேரே தடையிலேயே இறங்கினோம். கேண்டீனில் தண்ணீர் பாட்டில் விற்பனையை நிறுத்த வைத்தோம். கை தட்டினோம், படம் எடுத்தோம், கேக் மட்டும்தான் வெட்டவில்லை. பத்து நாள் கழித்துக் குப்பைத் தொட்டியைப் பார்த்தால் பாட்டில்கள் குறையவே இல்லை. தண்ணீருக்குப் பதில் சர்க்கரை பானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013-இல் வளாகத்தில் தண்ணீர் பாட்டில் விற்பனையை நிறுத்தியது. அதைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வில், தலைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் வளாகத்துக்கு வந்த பாட்டில்கள் கூடியிருந்தன. கூடவே சர்க்கரையும். முன்பே படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம்.

எங்கள் இடத்தில் கோளாறு எங்கே என்று ஒரு மதியம் முழுக்கக் குடிநீர்க் குழாய் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வாய் வைத்துக் குடிப்பதற்காக வைத்தது அது, தண்ணீர் வளைந்து தாழ்வாக விழும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் கால்வாசி நிறைந்ததும் வழிய ஆரம்பிக்கும், சட்டைக் கை நனையும். ஒரு பையன் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு நேரே கேண்டீனுக்குள் போனான். குழாயை மாற்றி, பாட்டில் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் வைத்த பிறகுதான் அங்கே வரிசையே நிற்க ஆரம்பித்தது. தடையைவிட அந்த ஒரு முழம் உயரம் செய்த வேலை அதிகம் என்பேன்.

* * *

நான் சொதப்பின கதை. பயமுறுத்தினா மாறிடுவாங்கன்னு நினைச்சேன். தெருமுனைக் கூட்டத்துல மைக்க பிடிச்சு, 2018 ஆய்வு ஒண்ணைச் சொன்னேன்: ஒன்பது நாட்டுல வாங்கின 259 தண்ணி பாட்டில்ல 93 சதவீதத்துல மைக்ரோபிளாஸ்டிக், அதாவது ரொம்பப் பொடிசான பிளாஸ்டிக் துணுக்கு, இருந்துச்சுன்னு. கூட்டம் அப்படியே அமைதி. நானும் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். பின்னாடி இருந்து ஒரு அம்மா கேட்டாங்க: "அப்ப குழாய்த் தண்ணில அது இல்லையாப்பா?"

இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் குழாய்த் தண்ணியச் சோதிச்சப்பவும் கிடைச்சது. பாட்டில்லதான் கூடுதல். அதைச் சொன்னேன். கேட்டவங்க முகத்துல இருந்தது நிம்மதி இல்ல, ரெண்டு தண்ணி மேலயும் சந்தேகம். அதுக்கப்புறம் பயம் காட்டுற பேச்சே எடுக்கிறதில்ல.

* * *

கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும். வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டி கதவைப் பாதி திறந்து, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டே, "உன் பேச்சை நம்பிக் குடிச்சு, புள்ளைக்கு ஏதாவது ஆனா நீ வருவியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டடத்தின் குழாய் எதனால் ஆனது, எத்தனை வருடப் பழசு என்றுகூட எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தை நினைத்துக்கொண்டேன். 2014-இல் அங்கே குடிநீர் எடுக்கும் இடத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே போய் "குழாய்த் தண்ணீர் குடியுங்கள்" என்று நோட்டீஸ் கொடுத்திருந்தால் நாம் யார் பக்கம் நின்றிருப்போம்? காய்ச்சினாலும் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

அதனால் இப்போது பரிசோதனை அறிக்கை இல்லாத கட்டடத்தில் நான் நோட்டீஸ் கொடுப்பதில்லை. முதலில் தண்ணீர் சோதனை, பிறகுதான் பேச்சு. அந்தப் பாட்டி வீட்டில் பிடித்த தண்ணீர் இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது.

* * *

மேலே கல்லூரித் தோழி எழுதியதற்கு ஒரு சொல். தடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் பண்டனூன் என்ற சிற்றூரில் 2009-இல் 350-க்கும் மேற்பட்டோர் கூடி, பாட்டில் தண்ணீர் விற்பனை வேண்டாம் என்று ஏறத்தாழ எல்லாருமே கை தூக்கினார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. கடைக்காரர்கள் தாங்களாகவே தண்ணீர் பாட்டில் விற்பதை நிறுத்தினார்கள், கூடவே தெருவில் குடிநீர்க் குழாய்கள் வந்தன. ஊர்த் தண்ணீரை எடுத்து பாட்டிலில் அடைக்க ஒரு நிறுவனம் போட்ட திட்டம்தான் அவர்களை ஒன்று சேர்த்தது. அமெரிக்காவின் கான்கார்டில் கதை வேறு. ஜீன் ஹில் என்ற எண்பது வயதைத் தாண்டிய பெண்மணி 2010-இலேயே நகரக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது சட்டப்படி செல்லுபடியாகவில்லை. விடாமல் முயன்று, 2012-இல் சிறிய வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறி, 2013 ஜனவரி 1 முதல் சிறு தண்ணீர் பாட்டில் விற்பனை அங்கே நின்றது. எங்கள் குழு மூன்றாவது கூட்டத்திலேயே கலைந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குப் பேச வாயில்லை.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். பாட்டி வீட்டுக் கதையைப் படித்ததும் எங்கள் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிருமிக்கும் குளோரினுக்கும்தான் சோதித்திருக்கிறோம், ஈயத்துக்கு இல்லை. சோதனைக்குத் தண்ணீர் பிடித்ததும் தொட்டிக்குக் கீழேதான், வீட்டுச் சமையலறைக் குழாயில் இல்லை. ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ளேயே நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகம் தெரியும் என்பதால், விடியற்காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டுமாம். சாரிடம் சொன்னேன். "அலாரம் வைக்காத, நான் நாலரைக்கே எந்திரிப்பேன். என் வீட்டுலயே பிடிச்சுக்கோ" என்றார். பாட்டிலை வாயோரம் கொண்டுபோனவர், ஒரு வாய் குடித்துவிட்டே இதைச் சொன்னார்.